தைத்து மூடிய பாக்கெட்

7

வெளியே முதல் தாழ்ப்பாள் விழுந்தது. அடுத்து இரண்டாவது. மூன்றாவது துருப்பிடித்தது போலும். யாரோ பல்லைக் கடித்துக்கொண்டு தள்ள, அது முனகியபடி இடம் சேர்ந்தது.

"மேடம், நம்மளையும் சேத்துப் பூட்டிட்டாங்க" என்றான் சில்லறை.

"காது இருக்கு" என்றாள் கழுகு.

"பீஸ் குடுக்காம வெளியே தள்ளிக் கதவைச் சாத்தின கட்சிக்காரங்களைப் பாத்திருக்கேன். பீஸ் குடுத்து உள்ளே தள்ளிக் கதவைச் சாத்துறவரை இன்னிக்குத்தான் பாக்கறேன்."

"நம்மளைப் பூட்டலை. கம்மலைப் பூட்டறார். நாம அது கூட இருக்கோம், அவ்வளவுதான்."

கழுகு பெரிய பல்பொருள் கடைகளில் திருடர்களைப் பிடித்துப் பிடித்தே முடி நரைத்தவள். இப்போது சொந்தமாகத் துப்பறிகிறாள். மூக்குக் கண்ணாடியைக் கழுத்துச் சங்கிலியில் தொங்கவிட்டு, அது இல்லாமலே எல்லாவற்றையும் பார்த்துவிடுவாள். சில்லறை அவளுடைய உதவியாளன். சட்டைப்பையில் போட்ட காசு மாதிரி நடந்தாலும் நின்றாலும் சத்தம் போட்டுக்கொண்டே இருப்பதால் அந்தப் பெயர்.

அவர்கள் மாட்டிக்கொண்டிருந்த அறை ஒரு நகைக்கடையின் மாடியில் இருந்தது. ஜன்னலுக்குக் கம்பி, கம்பிக்கு மேல் வலை. மறைக்க இடம் கிடைத்துவிடக் கூடாது என்று அலமாரியின் கதவுகளைக் கழற்றி எடுத்திருந்தார்கள். கட்டிலை ஒட்டிய மேஜைக்கு இழுப்பறை இல்லை; இருந்த இடத்தில் ஒரு சதுர ஓட்டை. கட்டில் விளிம்பில் அந்த வீட்டு இளைய மருமகள் உட்கார்ந்திருந்தாள், அடுத்தவர் வீட்டுக்கு வந்தவள் போல.

அவளுடைய வியாதி கையில் இருந்தது. கடை, வீடு, விருந்து எங்கே போனாலும் ஏதாவது ஒன்றை அந்தக் கை எடுத்துவிடும். அதற்கு அந்தக் குடும்பம் கண்டுபிடித்த வைத்தியத்தை அவள் போட்டிருந்த கோட்டிலேயே பார்க்கலாம். இரண்டு பாக்கெட்டுகளின் வாயும் பழுப்பு நூலால் நெருக்கமாகத் தைக்கப்பட்டிருந்தன. கைப்பையின் வாயும் அப்படியே. தைத்தவள் நாத்தனார். ஊசி, நூல், கத்தரிக்கோல் எல்லாம் அவளுடைய பெட்டிக்குள். பெட்டியின் சாவி அவள் இடுப்பில். வெளியே போனால் அண்ணியின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு நடப்பவளும் அவள்தான். வாசலுக்குக் குறுக்கே படுத்துத் தூங்குபவளும் அவள்தான்.

இன்று காலை கடையில் ஒரு ஜோடி மரகதக் கம்மலைக் காணவில்லை. அவள் புருஷனின் அண்ணனான பெரியவர் வேறெங்கும் தேடவில்லை. நேரே மாடிக்கு வந்து, மருமகளின் கட்டிலுக்கடியில் இருந்த தகரப் பெட்டியைத் திறந்தார். கம்மல் அங்கே இருந்தது. உடனே ஊருக்கு வெளியே மனநோயாளிகளை வைத்துப் பார்க்கும் ஒரு இல்லத்துக்கு போன் போனது. "நான்தான் எடுத்தேன், இல்லத்தில் இருக்கச் சம்மதம்" என்று ஒரு காகிதம் தயாரானது. அதில் அவள் கையெழுத்துப் போட்டு உள்ளே போய்விட்டால், வெளியே வரப் பெரியவர் மனசு வைக்க வேண்டும். பெரியவர் மனசு இருக்க வேண்டிய இடத்தில் வேறு சரக்கு வைத்திருந்தார்.

அண்ணன் எதிரில் நாற்காலியில் உட்காரவே யோசிக்கும் சின்னவர், அதாவது அவள் புருஷன், முதல் தடவையாக ஒரு துணிச்சலான காரியம் செய்தார். யாருக்கும் தெரியாமல் கழுகைக் கூப்பிட்டுவிட்டார். பெரியவர் கழுகை ஏற இறங்கப் பார்த்து, "விசாரிக்கணும்னா உள்ளே உக்காந்து விசாரிங்க. கீழே இல்லத்து வண்டிக்காரன் சாப்பிட்டுட்டிருக்கான். அவன் கை கழுவுற வரைக்கும் டைம்" என்றார். கம்மலைப் பார்க்க வேண்டும் என்று கழுகு கேட்டபோது முகத்தைச் சுளித்துக்கொண்டே பெட்டியோடு உள்ளே விட்டார். பிறகு தாழ்ப்பாள்கள்.

சில்லறை காதுகளில் இருந்த குட்டி இயர்பட்ஸ் இரண்டையும் கழற்றி மேஜைமேல் போட்டுவிட்டு, ஜன்னல் வலையை ஆட்டிப் பார்த்தான். "எலிகூட முகவரி எழுதிக் குடுத்துட்டுத்தான் உள்ளே வரணும்."

"நீங்க சிரமப்பட வேண்டாம்மா" என்றாள் மருமகள். "நான் கையெழுத்துப் போட்டுடறேன்."

"எடுத்தீங்களா?"

"தெரியலை."

"எடுத்தவங்களுக்குத் தெரியும். எடுக்காதவங்களுக்கும் தெரியும். தெரியலைன்னா என்ன அர்த்தம்?"

"எடுத்த ஞாபகம் இல்லை. ஆனா என் பெட்டியிலதானே இருந்துச்சு. கை எடுத்திருக்கும். எனக்கே தெரியாம எடுக்கற அளவுக்கு வந்துட்டேன் போல." அவள் தன் வலது கையை, யாரோ ஒப்படைத்துவிட்டுப் போன குழந்தையைப் பார்ப்பது போலப் பார்த்தாள். "நான் உள்ளே இருக்கறதுதான் எல்லாருக்கும் நல்லது."

கழுகு நாற்காலியை இழுத்து அவளுக்கு முன்னால் போட்டுக்கொண்டாள். "எடுக்கறதுக்கு முன்னாடி எப்படி இருக்கும்?"

அந்த வீட்டில் யாரும் கேட்காத கேள்வி அது.

"ஏதாவது ஒரு பொருள் என்னையே பாக்கற மாதிரி இருக்கும். எனக்கு அது வேண்டாம். ஆனா கழுத்து இறுகும், காது அடைக்கும், பேசறவங்க வாய் மட்டும் அசையும். எடுத்துட்டா சட்டுனு விட்டுடும், முதுகுல இருந்த மூட்டையை யாரோ இறக்கின மாதிரி. ஆனா தெருமுனை வர்றதுக்குள்ள வெக்கத்துல செத்துடலாம்னு தோணும்."

"திருடன் பொருளுக்காக எடுக்கறான்" என்று கழுகு சில்லறையிடம் சொன்னாள். "இவங்க அந்த இறுக்கம் விடறதுக்காக எடுக்கறாங்க. கடைகள்ல பிடிச்ச நூறு பேர்ல ஒருத்தர் இப்படி இருப்பாங்க. எடுத்ததைப் போட்டுக்கவும் மாட்டாங்க, விக்கவும் மாட்டாங்க."

"இந்தச் சரக்கை வித்துட்டாலும்!" சில்லறை தகரப் பெட்டியைக் கிளறிக்கொண்டிருந்தான். "ஒத்தைக் கையுறை. ஒத்தைக் காலுறை. உப்பு ஜாடி மூடி, ஜாடியைக் காணோம். இதை ஏலம் விட்டா, கேக்க வந்தவன் நம்மகிட்டயே வண்டிச் சத்தம் கேப்பான்."

கழுகு கையுறையைத் தூக்கிக் காட்டினாள். "இது?"

"பஸ் நிலையத்துக்கு எதிர் கடை. நல்ல மழை. கடைக்காரர் வாசல்ல நின்னு குடையை உதறிட்டிருந்தார்."

"இந்த மூடி?"

"இவரோட சிநேகிதர் வீட்டு விருந்து. எல்லாரும் எதுக்கோ சிரிச்சுட்டிருந்தாங்க. நான் மூடியையே பாத்துட்டிருந்தேன்."

"இந்தச் சட்டைக் கைப் பொத்தான்?"

அவள் குரல் தாழ்ந்தது. "பெரியவரோடது. அவர் என்னைத் திட்டிட்டிருக்கும்போதே எடுத்தேன்."

"திட்டும்போதேவா!" சில்லறை எழுந்து நின்று கும்பிட்டான். "அதைத் திருட்டுன்னு சொல்லாதீங்க. நஷ்ட ஈடு."

அவள் முகத்தில் சிரிப்பு மாதிரி ஏதோ வந்து, இடம் சரியில்லை என்று திரும்பிவிட்டது.

"சரி. கம்மல்?" என்றாள் கழுகு.

அவள் கம்மலை உற்றுப் பார்த்தாள். "எந்த நேரம், யார் இருந்தாங்க... எதுவும் ஞாபகம் வரலை."

"மழை, குடை, சிரிப்பு, திட்டு எல்லாம் ஞாபகம் வெச்சிருக்கற கை, மரகதத்தை மட்டும் மறந்துடுமா?"

"இது பெரிசு. அதனால பயத்துல..."

"பயந்தா மறக்காது. இன்னும் அழுத்தமா நிக்கும்." கழுகு பெட்டியைத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். "எல்லாம் ஏன் ஒத்தை ஒத்தையா இருக்கு?"

"ரெண்டையும் எடுத்துட்டா முடிஞ்சுபோச்சு. ஒண்ணை அங்கேயே விட்டுட்டு வந்தா, என்னிக்காவது கொண்டுபோய்ச் சேத்துடலாம்னு ஒரு நெனப்பு." அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "இதுவரைக்கும் ஒண்ணைக்கூட சேக்கலை."

"டாக்டர்கிட்ட போனீங்களா?"

"போயிட்டிருந்தேன். இவர்தான் கூட்டிட்டுப் போனார். எப்போ தோணுது, எந்த இடத்துல, அதுக்கு முன்னாடி மனசுல என்னன்னு டாக்டரம்மா பேச வெச்சாங்க. மாத்திரையும் குடுத்தாங்க. தோணும்போது கையை மூடிக்கிட்டு மெதுவா மூச்சு விடுங்க, அந்த இறுக்கம் ஏறும், உச்சிக்குப் போகும், நீங்க ஒண்ணும் செய்யலைன்னாலும் தானா இறங்கும்னாங்க. இறங்கவும் இறங்குச்சு. அந்த மாசங்கள்ல இந்தப் பெட்டியில எதுவும் சேரலை."

"அப்புறம்?"

"மனநல ஆஸ்பத்திரி வாசல்ல என்னை யாரோ பாத்துட்டாங்க. கடைப் பேரு கெட்டுடும்னு பெரியவர் நிறுத்திட்டார். அதுக்கப்புறம்தான் தாழ்ப்பாள், தையல் எல்லாம்."

பேசிக்கொண்டே அவள் வலது கையை இறுக மூடிக்கொண்டு மெதுவாக மூச்சு விட்டாள். சில்லறை அதைப் பார்த்து, டாக்டரம்மா சொல்லிக்கொடுத்த பயிற்சி என்று நினைத்து, மரியாதையாக வேறு பக்கம் திரும்பிக்கொண்டான். கழுகின் பார்வை மேஜைமேல் ஒரு தடவை போய்விட்டு வந்தது.

கழுகு கம்மலைப் பெட்டியிலிருந்து எடுத்தாள். இரண்டு மரகதங்களும் ஒன்றின் தோளில் ஒன்று சாய்ந்திருந்தன. இரண்டையும் சேர்த்து நூலால் சுற்றி, சின்னதாக ஒரு முடிச்சு. திருகாணிகள்கூட ஒழுங்காகத் திருகப்பட்டிருந்தன. நூலை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். பிறகு கதவருகே போனாள்.

"சின்னவரே, வெளியேதான் நிக்கறீங்களா?"

"நிக்கறேன்" என்றது கதவிடுக்கு, யாருக்கும் கேட்டுவிடக் கூடாது என்ற குரலில்.

"நேத்து இந்தக் கம்மல் எங்கே இருந்துச்சு?"

"கடையில, வெல்வெட் தட்டுல. ஒரு பார்ட்டிக்குக் காட்டினோம்."

"நூல் கட்டியா?"

"தட்டுல இருக்கும்போது கட்ட மாட்டோம். தட்டை விட்டு வெளியே எடுத்தா, கீழே வைக்கறதுக்குள்ள ரெண்டையும் சேத்துக் கட்டிடணும். ஒண்ணு தொலைஞ்சா இன்னொண்ணு பொணம். எங்க வீட்டுல நடக்கப் பழகும்போதே கைக்கு இது பழகிடும்."

"உங்க மனைவிக்கு?"

"அவ அச்சாபீஸ்காரர் பொண்ணு. கல்யாணமாகி வந்ததுல இருந்து அவளைத் தட்டுப் பக்கமே விடலை. அவளுக்கு எங்கே தெரியும்?"

"கடையில என்ன நூல்?"

"வெள்ளைப் பட்டு நூல். அதைத் தவிர..."

"அங்க என்ன பேச்சு?" என்று படியில் பெரியவர் குரல் கேட்டது. கதவிடுக்கு வாயை மூடிக்கொண்டது.

வண்டிக்காரன் கை கழுவிவிட்டான்.

மூன்று தாழ்ப்பாள்களும் வந்த வழியே திரும்பின. முதலில் பெரியவர் வந்தார், கையில் காகிதமும் பேனாவும். பின்னால் சின்னவர். கடைசியாக நாத்தனார், இடுப்புச் சாவியை ஒரு கையால் பிடித்தபடி. அண்ணியைவிட நாலைந்து வயது இளையவள்; ஆனால் கண்ணுக்குக் கீழே அண்ணியைவிட அதிகமாகக் கறுத்திருந்தது.

"என்ன, ஒத்துக்கிட்டாளா?" என்றார் பெரியவர். மருமகளிடம் நேராகப் பேசுவது அவர் வழக்கமில்லை. அவளைச் சுவரிடம் விசாரிப்பார்.

"அவங்க எடுக்கலை" என்றாள் கழுகு. "இந்தப் பெட்டியைப் பாருங்க. எல்லாம் ஒத்தை. அவங்க கை ஜோடியை எடுக்காது."

"குப்பையில ஒத்தை பொறுக்கினவ மரகதத்துல ஜோடியா பொறுக்கிட்டா. சரக்கு நல்லா இருந்தா யாருக்கும் ஆசை பெருகும். வியாபாரத்துல நான் பாக்காததா?"

சில்லறைக்கே அந்தப் பதில் நியாயமாகப் பட்டது. அது அவன் முகத்தில் தெரிந்ததைக் கழுகு பார்த்தாள். அவளிடம் வேறொரு பதில் இருந்தது. ஆனால் அது அவளுடைய கையில் இல்லை. அவள் மருமகளைப் பார்த்தாள். மருமகளும் அவளைப் பார்த்தாள். இந்த அம்மாவுக்குத் தெரிந்திருக்கிறது, ஆனாலும் சொல்லப்போவதில்லை என்று அவளுக்குப் புரிந்தது.

"கையெழுத்து" என்றார் பெரியவர் சுவரிடம்.

மருமகள் எழுந்தாள். பேனாவை வாங்கிக்கொள்ளப்போகிறாள் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். அவள் வலது கையை நீட்டி, விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். உள்ளங்கையில், வியர்வையில் நனைந்து, ஒரு குட்டி இயர்பட் இருந்தது.

"தம்பி, இது உங்களோடது" என்று சில்லறையிடம் சொன்னாள். நீட்டிய கை பின்வாங்கவில்லை. "கையை மூடித்தான் பாத்தேன். மூடறதுக்குள்ள எடுத்துட்டேன்."

சில்லறை மேஜையைப் பார்த்தான். அங்கே இன்னொன்று தனியாகக் கிடந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக அவனுக்கு வாயில் எதுவும் அகப்படவில்லை.

"பாத்தீங்களா!" பெரியவர் மேஜையை ஓங்கி அறைந்தார். "என் வீட்டுல, விசாரிக்க வந்தவன்கிட்டயே! இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?"

"இதுக்கு மேல வேண்டாம். இதுதான் நான் கேட்ட சாட்சி" என்றாள் கழுகு. "ரெண்டு இருந்துச்சு. யாரும் பாக்கலை. ரெண்டும் சேந்து ஒரு பட்டாணி அளவுதான், ஒரே கையில அடங்கும். ஒண்ணை விட்டுட்டு ஒண்ணை எடுத்தாங்க. இல்லத்துக்கு வண்டி வாசல்ல நிக்கும்போதுகூட அந்தக் கை அதோட வழக்கத்தை மாத்திக்கலை. நேத்து மட்டும் எப்படி மாத்திக்கும்?"

பெரியவர் மேஜைமேல் கிடந்ததையும் மருமகளின் கையில் இருந்ததையும் மாறி மாறிப் பார்த்தார்.

"கம்மலை எடுத்தவங்களுக்கு வேற வழக்கம். ஜோடியைப் பிரிக்க மனசு வராது. அவசரமா ஒரு திருட்டைச் செய்து அடுத்தவங்க தலையில போடும்போதும், திருகாணியைத் திருகி, நூல் சுத்தி, முடிச்சுப் போட்டுத்தான் வைக்க முடியும். இந்த வீட்டுல பிறந்து வளந்த கை." கழுகு கம்மலைப் பெரியவர் உள்ளங்கையில் வைத்தாள். "காலையில நீங்களே எடுத்துப் பாத்தீங்க. நூல் உங்க கண்ணுலயே படலை. நகைன்னா நூல் இருக்கும், அது உங்களுக்கு நகம் மாதிரி. இப்போ பாருங்க. என்ன நிறம்?"

பெரியவர் குனிந்தார். நூல் பழுப்பு.

கழுகு மருமகளின் கோட்டு விளிம்பைத் தூக்கிப் பிடித்தாள். தைத்து மூடிய பாக்கெட்டில் ஒரு தையலும் பிரிந்திருக்கவில்லை. அங்கேயும் அதே பழுப்பு. ஓரத்தில் அதே சின்ன முடிச்சு.

யாரும் யாரையும் பார்க்கவில்லை. சாவி மட்டும் ஒரு தடவை குலுங்கியது.

"எனக்கு ஒரு வேலை கிடைச்சிருக்கு" என்றாள் நாத்தனார். யாரும் கேட்காத கேள்விக்குப் பதில் சொல்வது போல இருந்தது. "வேற ஊர்ல. பேசி முடிச்சாச்சு. போறேன்னு சொன்னா 'உன் அண்ணியை யார் பாத்துப்பா'ன்னு கேட்டீங்கண்ணா. என்னைப் பொண்ணு கேட்டு வந்தவங்களையும் அதையே சொல்லித்தானே அனுப்பினீங்க. கதவுக்கு அந்தப் பக்கம் அண்ணி, இந்தப் பக்கம் நான். ரெண்டு பேருக்கும் அதே தாழ்ப்பாள்தான். அவங்க போனாத்தான் நான் போக முடியும்னு ஆயிடுச்சு."

"அதுக்காக?" என்று கேட்டவர் சின்னவர்.

"அங்க நல்லா பாத்துப்பாங்கன்னு நெனச்சேன். தட்டுல இருந்து எடுக்கும்போது கை நடுங்கலை. ஒண்ணை மட்டும் எடுத்துட்டு ஒண்ணை விடணும்னு தோணவே இல்லை." அவள் அண்ணியைப் பார்த்தாள். "இத்தனை நாளா அந்தப் பெட்டியை நான் ஒழுங்காப் பாத்ததே இல்லை அண்ணி. குப்பைன்னு நெனச்சேன்."

பெரியவர் கை மறுபடி மேஜைக்கு மேலே உயர்ந்தது.

"சார்," என்றான் சில்லறை. அவனுக்கு வாய் திரும்பியிருந்தது. "மேஜையை ஏற்கெனவே ஒரு தடவை அடிச்சீங்க. அதுவும் உங்களை மீறித்தான் அடிச்சீங்க. உங்களுக்கும் தைச்சுடலாமா, கோட்டு இருக்கா? நூல் மிச்சம் இருக்கும்."

கை அந்தரத்தில் நின்றது. பெரியவரே அதைப் பார்த்தார். மெல்ல இறக்கிச் சட்டையோடு ஒட்ட வைத்துக்கொண்டார்.

"மூணு தாழ்ப்பாள் போட்டீங்க" என்றாள் கழுகு. "கதவைக் கழட்டினீங்க, பாக்கெட்டைத் தைச்சீங்க. கை நின்னுச்சா? டாக்டர்கிட்ட போனப்ப நின்னுச்சு. சுத்தமா இல்லை, நடுவுல வழுக்கும், திரும்ப எழுந்திருக்கணும். ஓடற சரக்கை நிறுத்திட்டு ஓடாத சரக்கையே வாங்கி அடுக்கறது எந்த ஊர் வியாபாரம்?"

"கடைப் பேரு..." என்று ஆரம்பித்தார் பெரியவர்.

"நான் கூட்டிட்டுப் போறேன்" என்றார் சின்னவர். அந்த அறையில் அவர் குரல் முழு அளவில் கேட்டது அதுதான் முதல் தடவை, அவரே திடுக்கிட்டுவிட்டார். "இன்னிக்கே. பெரிய வாசல் வழியா. அண்ணா, வண்டியைத் திருப்பி அனுப்பிடுங்க. தங்கச்சி வேலைக்குப் போகட்டும்."

பெரியவர் காகிதத்தை நாலாக மடித்தார். எட்டாக மடித்தார். அதற்கு மேல் மடிய மறுத்ததும் படியிறங்கிப் போனார். கீழே வண்டி கிளம்பும் சத்தம் கேட்கும் வரை யாரும் நகரவில்லை.

"மேடம், நான்தான் மறதியில இயர்பட்ஸை மேஜைமேல போட்டேன்" என்று சில்லறை கழுகின் காதில் சொன்னான். "அவங்க அதைத் திருப்பிக் குடுக்கலைன்னா என்ன பண்ணியிருப்பீங்க?"

"நூலை மட்டும் வெச்சுக் கத்திப் பாத்திருப்பேன். பாதி ஜெயிச்சிருப்போம்."

நாத்தனார் வெளியே போய், தன் பெட்டியைத் திறந்து கத்தரிக்கோலோடு வந்தாள். அண்ணிக்கு முன்னால் மண்டியிட்டாள். மன்னிப்பு கேட்கத்தான் வாயைத் திறந்தாள்; அழுகைதான் வந்தது. தன் கையால் போட்ட முடிச்சுக்கே இடம் தெரியாமல் தடவிக் கண்டுபிடித்து, ஒவ்வொரு தையலாக வெட்டினாள். பழுப்பு நூல் துண்டு துண்டாகத் தரையில் விழுந்தது. வலது பாக்கெட் வாயைத் திறந்தது.

மருமகள் அதற்குள் கையை விட்டுப் பார்த்தாள். காலி. கையை அங்கேயே வைத்துக்கொண்டு மெதுவாக மூச்சு விட்டாள்.

நாத்தனார் இடது பாக்கெட் பக்கம் கத்தரிக்கோலைக் கொண்டுபோனாள்.

"வேண்டாம்மா" என்று மருமகள் நாத்தனாரின் மணிக்கட்டைப் பிடித்தாள். "இன்னிக்கு ஒண்ணு போதும்."